தையற்காரர் வீட்டு வக்கீல்

நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்துக்கொள்கிறவர்களுக்கு பிஸ்கட்டம்மா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். வாலை யார் நிமிர்த்தச் சொன்னது, வாயைத்தானே மூடச் சொல்கிறார்கள்? உடனே அடுத்ததை எடுத்துவிடுவார்கள், அடியாத மாடு படியாது என்று. அப்படியானால் மாட்டுக்காரனைப் போய்ப் பாருங்கள் என்பாள். பழமொழி சொல்லியே பாதிப் பேர் நாயைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது அவள் கட்சி. என் கட்சியும் அதுதான்.

கடிக்கிற நாய், ஆளைக் கண்டால் பாய்கிற நாய் இருக்கிற வீடுகளுக்குப் போய், அடிக்காமல் அதட்டாமல், தின்னக் கொடுத்தே பழக்குவது அவள் தொழில். இடுப்பில் ஒரு துணிப்பை கட்டியிருப்பாள். அதில் இருப்பது வேகவைத்துப் பொடியாக நறுக்கிய கோழிக்கறி. பிஸ்கட்டை அவள் கையாலும் தொட்டதில்லை. ஆனால் தெருவுக்கு அதெல்லாம் எதற்கு? ஒரு நாள் யாரோ ஒரு வாண்டு 'பிஸ்கட்டம்மா' என்று கத்தியது, அதுவே நிலைத்துவிட்டது.

இத்தனை வீட்டு நாய்களைத் திருத்தியவளுக்குச் சொந்தமாக ஒரு நாய் கிடையாது. சின்ன வயதில் அப்பா வேண்டாம் என்றார். கல்யாணம் ஆன வீட்டில் மாமியார் வேண்டாம் என்றார். அந்தக் கல்யாணமே சரிப்பட்டு வராமல் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அங்கே அண்ணிக்கு இழுப்பு. நாய் முடி ஒன்று காற்றில் பறந்தாலும் அண்ணியின் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் வேலை முடிந்து வந்ததும் கொல்லைப்பக்கக் குளியலறையில் உடுப்பை மாற்றி, கழற்றிய துணியை நன்றாக உதறி, தனி வாளியில் ஊறப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். உதறும்போது கறுப்பும் வெள்ளையும் பழுப்புமாக முடி உதிரும். அன்றைக்கு எந்தெந்த வீடு என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அண்ணியோடு அவளுக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. அண்ணிக்குத்தான் மனசு கேட்காது. இருந்தாலும் கதவைத் திறந்ததும் ஒரு வால் ஆட வேண்டும், நாள் பூராவும் உனக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன் என்று ஒரு உயிர் எழுந்து வர வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. நாற்பத்தெட்டு வயதிலும் அந்த ஆசை குறையவே இல்லை.

இந்த நேரத்தில்தான் தையற்காரர் கூப்பிட்டனுப்பினார்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்து வீடு. முன்னறைதான் தையற்கடை. ஜன்னலோரம் மெஷின், சுவரெல்லாம் கொக்கிகளில் பாதி தைத்த சட்டைகள், தரையில் வெட்டிப்போட்ட துண்டுகள். பின்னறைக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு நாய் குரைத்துத் தள்ளியது. அதன் பெயர் வக்கீல். எதிராளி வாயைத் திறப்பதற்கு முன்பே வாதத்தை ஆரம்பித்துவிடும் என்று தையற்காரரின் மனைவி வைத்த பெயர். நாயை வளர்த்ததும் அவர்தான். அவர் போன வருஷம் இறந்துபோனார். அதிலிருந்து நாயின் வாதம் எல்லை மீறிவிட்டது. பை மாட்டிய ஆளைக் கண்டால் பாயும். தண்ணீர் கேன் போடுகிறவரின் ஆடுசதையில் பல் பதித்துவிட்டது. இன்னொரு புகார் வந்தால் நாயை வெளியேற்றியே ஆக வேண்டும் என்று குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வேலை ஆரம்பமானது. எந்தத் தூரத்தில் ஆளைப் பார்த்தும் நாயால் தின்ன முடிகிறதோ, அதுதான் பாடம் நடக்கிற தூரம். தின்ன மறுத்தால் நாம் அத்துமீறிக் கிட்டே வந்துவிட்டோம் என்று அர்த்தம், பேசாமல் பின்வாங்க வேண்டும். குடியிருப்புக்குப் பக்கத்து மைதானத்தின் அந்தக் கோடியில் பை மாட்டிய ஆள் போவார். வக்கீல் பார்க்கும். குரைப்பு கிளம்புவதற்கு முன்பே "சரி" என்பாள், ஒரு துண்டு கொடுப்பாள். நாள் போகப் போக ஆளைப் பார்த்ததும் நாய் தானாகவே கழுத்தைத் திருப்பி, எங்கே என் துண்டு என்று கேட்கும். அந்தத் திரும்பல்தான் இந்தத் தொழிலில் எல்லாம். அது வந்துவிட்டால் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரலாம்.

வக்கீல் சீக்கிரமே திரும்ப ஆரம்பித்தது. ஆனால் அவள் பக்கம் திரும்பியது.

தப்பு இங்கேதான் நடந்தது. இரண்டாவது முறை போகும்போதே இடுப்புப்பையைக் கழற்றி வீட்டுக்காரர் இடுப்பில் கட்டிவிட வேண்டும் என்பது அவள் எல்லாரிடமும் அடித்துச் சொல்கிற சட்டம். நாய் யார் கையைப் பார்க்கிறதோ அவருக்குத்தான் பழகும். தையற்காரருக்கோ கை நடுங்கியது. கயிற்றை இறுக்கிப் பிடிப்பார், துண்டைக் கீழே போடுவார், "நீங்களே குடுங்க டீச்சரம்மா, உங்க கை ராசியான கை" என்பார். சரி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த வாரமும் விட்டாள். மனிதர் பாவம், பழகட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மை வேறு. வக்கீல் பழுப்புக் கண்களைத் தூக்கி அவளைப் பார்க்கிற பார்வை அவளுக்கு வேண்டியிருந்தது. அதைக் கழற்றிக் கொடுக்க மனசு வரவில்லை.

ஒரு நாள் பாடம் முடிந்து, பாட நேரத்தில் வக்கீலுக்கு மாட்டும் வாய்ப்பூட்டைக் கழற்றிவிட்டு, அவள் கேட்டைத் தாண்டித் தெருமுனை வரை போய்விட்டாள். பின்னால் கூச்சல். தையற்காரர் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு வக்கீல் அவளைத் தேடி ஓடி வந்திருக்கிறது. தோளில் பையோடு கேட்டுக்குள் நுழைந்த செயலாளர் குறுக்கே மாட்டிக்கொண்டார். பையின் வார் கிழிந்து, காகிதமெல்லாம் பறந்து, மனிதர் மல்லாக்க விழுந்தார். கடி படவில்லை, அதுவே பெரிய புண்ணியம். வக்கீல் நிற்காமல் தெருமுனைக்கு வந்து அவள் முழங்காலில் தலையை முட்டி நின்றது.

அந்த நிமிஷம் அவளுக்குப் பயம் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. என்னைத் தேடி வந்துவிட்டதே என்று அவள் நெஞ்சு நிறைந்துபோனது. கேட்டருகே செயலாளர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்த பிறகுதான் வெட்கம் வந்தது.

செயலாளர் கெட்டவர் இல்லை. மாசக் கடைசிவரை தவணை கொடுத்தார். அன்றைக்குச் சங்கத்து ஆட்கள் முன்னால் நாய் முற்றத்தைக் கடந்து போக வேண்டும். பிடிக்கிறவர் தையற்காரராக இருக்க வேண்டும். அந்த அம்மா கேட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், ஏனென்றால் அவரைப் பார்த்தால்தான் அது தலைகால் தெரியாமல் ஓடுகிறது என்றார். பேச்சில் நியாயம் இருந்தது.

அவர் போனதும் தையற்காரர் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பிறகு குனிந்த தலை நிமிராமல், நாயை நீங்களே கொண்டு போய்விடுங்கள் என்றார். உங்களிடம் தங்கமாக இருக்கிறது, என்னிடம் இருந்தால் எப்படியும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். பிஸ்கட்டம்மா யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். யோசிக்க என்ன இருந்தது? வழியெல்லாம் அவள் மனசு, வக்கீலின் தண்ணீர்க் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று இடம் பார்த்துக்கொண்டே வந்தது.

வீட்டில் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொல்வது போல் சொன்னாள். அண்ணன், நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள், உனக்கு நாயே சும்மா வருகிறதே என்று சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"மாடி ரூமைக் காலி பண்ணித் தரேன்," என்றாள் அண்ணி. "வெளிப்படி வழியா நீ வந்து போய்க்க. நான் மேல வரல, அவ்வளவுதானே. நீயும் எத்தனை வருஷமா கொல்லையில துணி மாத்திக்கிட்டே இருக்கே. எனக்கு மட்டும் தெரியாதா?"

மறுநாள் காலையில் அண்ணி மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு மாடியறையைப் பெருக்கி, மூலையில் ஒரு பழைய கம்பளியை மடித்துப் போட்டிருந்தாள். வழியில் குறுக்கே நிற்க இனி யாருமே இல்லை. நாயைக் கூட்டி வர வேண்டியதுதான் பாக்கி.

சம்மதம் சொல்லத்தான் போனாள். தையற்காரர் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார்: கிண்ணம், சீப்பு, சட்டைத் துணியில் அவரே தைத்த ஒரு மெத்தை. வக்கீல் வழக்கம்போல ஓடி வந்து அவள் கையை முகர்ந்தது. தையற்காரர் அந்த மெத்தையைத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டே இருந்தார். தட்ட ஒன்றுமில்லை, அது சரியாகத்தான் இருந்தது.

"ராத்திரி கட்டில்ல அவ படுக்கிற பக்கம், கீழதான் படுத்துக்குவான்," என்றார். "அவ குரல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்க இந்த வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். அதான் கொஞ்சம்... பரவாயில்ல, நீங்க கூட்டிட்டுப் போங்க."

பிஸ்கட்டம்மா வாசற்படியிலேயே நின்றாள். எடுத்துக்கொள், எடுத்துக்கொள் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவராகத்தானே கொடுக்கிறார், நீயா பிடுங்குகிறாய்? ஆனால் அவர் கையில் நாய் நிற்காமல் போனதற்குக் காரணம் யார் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். பின்னால் கைவிட்டு இடுப்புப்பையின் முடிச்சை அவிழ்த்தாள்.

"உங்க கையில ஒரு குறையும் இல்ல சார்," என்றாள். "இந்தப் பையை முதல்லயே உங்ககிட்ட குடுத்திருக்கணும். நான் குடுக்கல. அவன் என்னையே பார்க்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. தப்பு என்னோடதுதான்."

தையற்காரர் அவளையே பார்த்தார். அவர் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை. பையை வாங்கித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார், அளவு பெரிதாக இருக்கிறது, இரண்டு தையல் போட வேண்டும் என்றார்.

அதன்பிறகு அவள் நாயைத் தொடவே இல்லை. தூரத்தில் நின்று தையற்காரருக்குத்தான் பாடம் எடுத்தாள். கயிற்றைத் தொங்கலாகப் பிடியுங்கள், மூச்சை விடுங்கள், இப்போது "சரி" சொல்லுங்கள் என்று. அவர் கோழிக்கறியைத் துணி வெட்டுகிற அக்கறையோடு வெட்டினார், ஒரு துண்டுக்கும் இன்னொன்றுக்கும் நூலிழை வித்தியாசம் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற கை, கொஞ்ச நாளில் துண்டு கொடுக்கவும் பழகிவிட்டது. முதலில் வக்கீல் துண்டை வாங்கிக்கொண்டு அவள் பக்கமே பார்த்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கூப்பிடக் கூடாது, சிரிக்கக் கூடாது, கண்ணைச் சந்திக்கக் கூடாது. இத்தனை வருஷத் தொழிலில் அவளுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை வாய்த்ததில்லை.

மாசக் கடைசியும் வந்தது. முற்றத்தில் சங்கத்து ஆட்கள் நின்றார்கள். செயலாளர் புது வார் தைத்த பையோடு வந்திருந்தார். தைத்துக் கொடுத்ததும் தையற்காரர்தான். பிஸ்கட்டம்மா கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இடுப்பு வெறுமையாக இருந்தது, கை தானாக அங்கே போய்ப் போய்த் திரும்பியது.

தையற்காரர் வாய்ப்பூட்டு போட்ட வக்கீலோடு வெளியே வந்தார். கூடை போன்ற வாய்ப்பூட்டு, இடுக்கு வழியாகத் துண்டு கொடுக்கலாம். தண்ணீர் கேன்காரர் குறுக்கே போனார். வக்கீல் பார்த்தது, திரும்பியது, தின்றது. செயலாளர் பையோடு போனார். பார்த்தது, திரும்பியது, தின்றது. பிறகு கேட்டுப் பக்கம் வந்தார்கள்.

வக்கீல் அவளைக் கண்டுவிட்டது. காது நிமிர்ந்தது. வால் மெதுவாக ஒரு முறை ஆடியது. முன்னங்கால் ஒன்று தரையிலிருந்து எழும்பி அப்படியே நின்றது. கயிறு விறைக்க ஆரம்பித்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தைகூட வேண்டாம், கண்ணைப் பார்த்தால் போதும், அது வந்துவிடும். மாடியறையில் கம்பளி இன்னும் மடித்தபடிதான் கிடந்தது; நாய் வராது என்று அண்ணியிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. அவள் சுவரில் இருந்த தபால்பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். போடா கண்ணா, அவர்கிட்டப் போ என்று உள்ளுக்குள் மன்றாடினாள். போகாதே என்றும் மன்றாடினாள்.

"சரி," என்றது தையற்காரரின் குரல், நடுக்கம் இல்லாமல்.

வக்கீல் தலையைத் திருப்பியது. அவர் கையிலிருந்து துண்டை வாங்கிக்கொண்டது. பிறகு அவர் காலோடு ஒட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. செயலாளர் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். பிஸ்கட்டம்மாவும் தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பழக்கம்போலக் கொல்லைக் குளியலறைக்குத்தான் போனாள். உடுப்பை மாற்றி, கழற்றியதை உதறினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இன்னொரு முறை உதறினாள். இவ்வளவு நேரம் என்ன செய்கிறாள் என்று பார்க்க அண்ணி கொல்லைப்பக்கம் வந்தாள். மூக்கில் துணி கட்டாமலேயே வந்திருந்தாள். வக்கீல் எங்கே என்று கேட்டாள்.

பிஸ்கட்டம்மா துணியை அவளிடம் நீட்டினாள்.

"ஒரு முடிகூட ஒட்டல அண்ணி," என்றாள். பிறகு அந்தத் துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.