பச்சை மை பூசிய பள்ளம்

மனை போட அனுமதி கேட்டு வரும் வரைபடத்தில் எதை வேண்டுமானாலும் நம்பலாம்; பச்சை மை பூசிய இடத்தை மட்டும் நேரில் போய் மிதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது. 1950களின் கடைசியில் தென்காசியில் சர்வேயராக இருந்த எனக்கு அதுதான் பிழைப்பு. நிலத்தை மனையாகப் பிரித்து விற்கிறவர் அதில் ஒரு பங்கைப் பொது இடமாக ஊருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் பச்சை பூசியிருப்பது அந்தப் பங்குதான். எந்தப் பங்கை என்பதில்தான் அளவுச் சங்கிலி பிடித்த நாங்களெல்லாம் படாத பாடு பட்டோம்.

பங்குனி அளவு

குற்றாலம் ரோட்டில் மரக்கடை அண்ணாச்சிக்கு நிலம் இருந்தது. கேரளத்திலிருந்து புளியறை வழியாக லாரி லாரியாக மரத்தடி கொண்டுவந்து வியாபாரம் செய்தவர். சீசன் வீடு கட்ட வெளியூர்க்காரர்கள் வருவார்கள் என்று அதை மனையாகப் பிரித்தார். வரைபடத்தில் மேற்கு ஓரமாக ஒரு நீளத் துண்டு பச்சையாக இருந்தது. பங்குனி வெயிலில் போய் அளந்தேன். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பரப்பு ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. அந்தத் திருப்தியில் 'ஏற்கலாம்' என்று எழுதி அங்கேயே கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்த சங்கிலிக்காரர் மாடசாமி என் கையெழுத்து காயும்வரை பொறுத்திருந்தார். பிறகு சொன்னார்: "பங்குனியில அளந்தா குளத்துக்குள்ளகூட வீடு கட்டலாம் சார். ஆனியில ஒரு தடவ வந்து அளந்து பாருங்க."

ஆனி அளவு

அது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. சாரல் பிடித்துப் பத்து நாள் கழித்து மறுபடியும் போனோம். பச்சைத் துண்டில் முழங்கால் தண்ணீர். பங்குனியில் அடையாளத்துக்கு நட்ட முளையைக் காலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சுற்றுவட்டத் தண்ணீரெல்லாம் வந்து நிற்கிற பள்ளம் அது. விற்க முடியாத இடத்தைத்தான் அண்ணாச்சி ஊருக்குத் தருவதாக இருந்தார்.

நிலத்தின் நடுவில் ஒரு மேடு மட்டும் அந்த மழையிலும் கெட்டியாக இருந்தது. பக்கத்துத் தெருவில் குடியிருந்து குத்தகைக்குப் பயிர் செய்கிற குடும்பங்களுக்கு அதுதான் நெல் அடித்துக் காயப்போடுகிற களம். அங்கே படப்பிலிருந்து மாட்டுக்கு வைக்கோல் உருவிக்கொண்டிருந்த பாக்கியத்தம்மாளிடம், இது மனையாகிவிட்டால் நெல்லை எங்கே காயப்போடுவீர்கள் என்று கேட்டேன். ரோட்டில்தான், லாரி வருகிறபோதெல்லாம் அள்ளி அள்ளிப் போட வேண்டியதுதான் என்றார். இந்த மேட்டையே பார்க்கு மாதிரிப் பொது இடமாகக் கேட்டு எழுதட்டுமா என்றேன். கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார். "பார்க்குன்னா பூச்செடில்லா வப்பாவ. எங்க நெல்லக் காயப்போட விடுவாவளா?"

என் கையெழுத்து

மேட்டைக் கேட்டு எழுத உட்கார்ந்தால் குறுக்கே நின்றது என் பங்குனிக் கையெழுத்துதான். அண்ணாச்சி அதற்கு நகல் வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தார். மேட்டில் விழுந்த மனைகளில் ஒன்றைத் தன் மருமகனுக்கென்று வாக்கும் கொடுத்திருந்தார். ஆனியில் போனதையே மறந்துவிடு, தப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் மெமோ வரும், பிரமோஷன் போகும் என்று ஆபீசில் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். பயமாகத்தான் இருந்தது, வீட்டில் இரண்டாவது பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்தது.

மறுநாள் எழுதினேன். பங்குனியில் நான் எழுதியது தவறு, காய்ந்த தரையைப் பார்த்து ஏமாந்தேன், பள்ளத்தைத் தள்ளிவிட்டு மேட்டைப் பெற வேண்டும். என் சர்வீஸில் எத்தனையோ எழுதியிருக்கிறேன். இதை நினைத்தால்தான் இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது. சொன்னபடியே மெமோ வந்தது. அதை என் கையில் கொடுத்த ஹெட்கிளார்க் கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தப்பா அளந்துட்டேன்னு எழுதிக் குடுத்த சர்வேயர இந்த ஆபீஸ்ல நான் இப்பதான் பாக்கேன்வே."

அண்ணாச்சி போட்ட மேசை

தகராறு என்று ஆனதும் திருநெல்வேலியிலிருந்து பெரிய அதிகாரி நேரில் பார்க்க வந்தார். சாரல் விட்டபாடில்லை. வரைபடம் விரிக்க மேசை, நாற்காலி, மேலே தார்ப்பாய், சுக்குக் காப்பி என்று அண்ணாச்சி தடபுடல் செய்திருந்தார். அத்தனையையும் மேட்டின் மேல்தான் போட்டிருந்தார். வேறு எங்கே போடுவார்?

அதிகாரி காப்பியைக் குடித்துக்கொண்டே, பச்சைத் துண்டு எங்கே என்றார். அண்ணாச்சி கீழே தண்ணீரைக் காட்டினார். நாலு பேர் கூடி உட்கார நீங்களே தேடின இடம் இதுதானே என்று அதிகாரி கேட்டார். அண்ணாச்சி மேசையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தோற்றால் முகம் கோணாத மனுஷர், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. "சரி, மேட்டையே எழுதிக்கிடுங்க. மருமவன்ட்ட என்ன சொல்லன்னுதான் தெரியல."

புரட்டாசி

தானப்பத்திரம் பதிவானது. அறுப்புக் காலத்தில் நெல் காயப்போடலாம் என்று அதில் ஒரு வரி சேர்க்க நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். மாடசாமியும் நானும் நாலு மூலையிலும் கல் நட்டோம்.

கார்ப் பருவ அறுப்பு முடிந்ததும் ஒரு நாள் அந்தப் பக்கம் சைக்கிளில் போனேன். மேடு முழுக்க நெல். இறங்கி, ஓரமாக இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தேன். நான் வாங்கிக் கொடுத்தது என்று உரக்கச் சொல்ல வேண்டும்போல இருந்தது. பாக்கியத்தம்மாள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே என் பக்கம் வந்தார். இரண்டு நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நெல்லுல உங்க நெழலு விழுது."

ஊருக்கு இடம் வாங்கிக் கொடுத்தவனுக்கே அங்கே நிற்க இடமில்லை என்பதைவிடப் பெரிய நற்சான்று எந்த சர்வேயருக்கும் கிடைத்திருக்காது.