சிவப்பு அடிக்காத இடம்

எனக்கு நயமாகப் பேச வராது. எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். அவர்களுக்கு என்மேல் பயம் உண்டு. நான் சொன்னால் செய்துவிடுவார்கள். போன தவக்காலத்தில் அதுதான் வினையாகிவிட்டது.

உலகத்தில் உள்ள பசியைப் பற்றிப் பாடம். சுவரில் வெறும் கோடு மட்டும் போட்ட உலகப் படம் ஒன்றை மாட்டி, பிள்ளைகள் பட்டினி கிடக்கிற நாடுகளுக்குச் சிவப்பு அடிக்கச் சொன்னேன். கிரயானுக்கு அடிபிடி. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தி இந்தியாவில் கையை வைத்து, "இதுக்கு டீச்சர்?" என்று கேட்டாள். "அத விடு, அங்கன அடி" என்று ஆப்பிரிக்காவைக் காட்டினேன். வகுப்பு முடிகிற நேரம். யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது.

எங்கள் பங்கில் பிடியரிசி எடுப்பது வழக்கம். உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடி அள்ளித் தனியே வைத்துவிட வேண்டும். தவக்காலத்தில் அப்படிச் சேர்வதை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவந்து பெரிய டிரம்மில் கொட்டுவோம். எனக்கு அது போதவில்லை. "வீட்டு அரிசிய அள்ளிட்டு வந்தா அது உங்கம்மா குடுத்தது. உன் சோத்துல கொறச்சாத்தான் நீ குடுத்தது. இயேசு மிச்சத்தையா குடுத்தாரு? தன்னையே குடுத்தாரு. குடுத்தத திருப்பி வாங்கக் கூடாது" என்றேன். நன்றாகத்தான் பேசினேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட வேண்டும்போல் இருக்கிறது.

இந்தியாவில் கை வைத்தவளுக்கு அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றுகிறாள். அவள் ஒரு பழைய ஊறுகாய் பாட்டில் நிறைய ரேஷன் அரிசி கொண்டுவந்தாள். அதைத் தூக்கிக் காட்டி, "இவளப் பாருங்க, நீங்களும் இருக்கியளே" என்று மற்ற பிள்ளைகளை ஏசினேன். அடுத்த வாரம் இரண்டு பாட்டில் வந்தது. பாட்டிலைப் பார்த்தேனே தவிர, பிடித்திருந்த கையைப் பார்க்கவில்லை. மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

ஈஸ்டர் அன்று மத்தியானம் கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். அவள் அம்மா போன் செய்தாள்.

"டீச்சர், இவ நேத்துலேருந்து சோறு திங்க மாட்டேங்கா. நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பா."

வண்ணார்பேட்டையில் பஸ் ஏறி, ஆற்றைத் தாண்டி இறங்கி நடந்தேன். ஒற்றை அறை வீடு. தட்டில் சோறு ஆறிக் கிடந்தது. ஒரு பருக்கை தடியாக, ஒரு பருக்கை சன்னமாக, பாதி குழைந்து பாதி வேகாமல். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எல்லா வீட்டு அரிசியும் கலந்த டிரம் அரிசி. கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை அதைப் பைகளில் கட்டி முந்தின நாள் கொடுத்திருக்கிறார்.

வாசலில் நின்றே அவருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"அண்ணாச்சி, இந்த அரிசிய இந்த வீட்டுக்கு ஏன் குடுத்திய?"

"இல்லாத வீட்டுக்குத்தான டீச்சர் குடுப்போம்? பின்ன, லாரி புடிச்சு ஆப்பிரிக்காவுக்கா அனுப்ப முடியும்?"

அவர் சொன்னது சரி. வருடாவருடம் அப்படித்தான், எனக்கும் தெரியும். பிள்ளைகளிடம் மட்டும் சொல்லவில்லை. தூர தேசத்துப் பசி என்றால் வாய் பிளந்து கேட்கிறார்கள்.

உள்ளே வந்து, "சாப்புடுட்டி" என்றேன்.

"இது பசிச்ச பிள்ளையளுக்கு உள்ளது டீச்சர்."

"உனக்கும் பசிக்குல்லா?"

"நம்ம ஊருக்குச் செவப்பு அடிக்கலல்லா."

அம்மா என்னைப் பார்த்தாள். "என்ன செவப்பு டீச்சர்? வீட்டுல வேற அரிசி இல்ல. ரேஷன் இன்னும் போடல. இவ அள்ளும்போது, கோயிலுக்குத்தானன்னு விட்டுட்டேன்." திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடையில் அரிசி வாங்கித் தருகிறேன் என்றேன். "அதுவும் நீங்க குடுக்கதுதான டீச்சர்" என்றாள் பிள்ளை. அதட்டினேன். இயேசு தந்தது என்று நினைத்துக்கொள் என்றேன்.

"நான் இயேசுக்குக் குடுத்தது. திருப்பி வாங்கக் கூடாதுல்லா?"

என் பாடத்தை எனக்கே ஒப்பித்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். நம்ம ஊருக்கும் அடிச்சிருக்கணும்."

அவள் முகம் கறுத்துவிட்டது. "வகுப்புல எல்லாரும் பாக்கவா அடிப்பிய?"

பசி என்றால் என்ன என்று அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதே இல்லை. அதில் வெட்கம் உண்டு என்பதைத்தான் நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஒரு கிரயானை வைத்து.

"அடிக்க மாட்டேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அதன் பிறகுதான் தட்டை இழுத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, நாங்கள் யாரும் பார்க்காதபடிக்குத் தின்றாள். அவள் அம்மா இலையை எடுத்து மடியில் வைத்துப் பீடி சுற்ற ஆரம்பித்தாள்.

படம் இன்னும் வகுப்புச் சுவரில்தான் இருக்கிறது. கழற்றினால் ஏன் என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்ததும் அவள் முதலில் அதைப் பார்க்கிறாள். இந்தியா வெள்ளையாகவே இருக்கிறது. பிறகு பெஞ்சில் போய் உட்காருகிறாள். நான் பாடத்தை ஆரம்பிக்கிறேன்.