நாவல்கொட்டைப் பொடியும் ஒரு கால்விரலும்

கிள்ளானில் எங்கள் வீட்டு அடுப்படியில், இந்த மலாய் நாட்டில் எல்லாரும் குடிக்கும் சாக்லேட் பானத்தின் பச்சை டின் ஒன்று இருக்கிறது. திறந்தால் பானம் இருக்காது. நாவல்கொட்டைப் பொடி இருக்கும். பெரம்பலூரிலிருந்து யார் விமானம் ஏறினாலும் என் நாத்தனார் மல்லிகா ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்துவிடுவாள். அண்ணனுக்குச் சர்க்கரையாம், அதைக் குறைக்குமாம். வந்தவர் தொலைவில் செலாயாங்கில் தங்கியிருந்தாலும் என் கணவர் தேடிப்போய் வாங்கி வருவார்.

கிளினிக்கில் டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார், வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று. "தாடா" என்பார் இவர், இல்லை என்று மலாயில். ஒருமுறை வெளியே வந்ததும் சண்டை பிடித்தேன்.

"அது மருந்தாடி? பழம். பழத்தப் போயி டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா?"

இவர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். நாள் முழுக்க ரப்பர் பூட்ஸில் நிற்கிற கால். விரலில் கொப்புளம் வந்தது, கறுத்தது. வலிக்கவேயில்லை என்று சொல்லி, பொடியை ஒரு கரண்டி கூட்டிக் குடித்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். கிளினிக்கில் கொடுத்த, மாதக்கணக்கான மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

அட்டைகளையும் டின்னையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். இளவயது மலாய் டாக்டர் டின்னைப் பார்த்ததும், "காக், இனி மானிஸ்! தாக் போலே!" என்று பதறினார். அக்கா, இது இனிப்பு, கூடவே கூடாதாம். "புவா, டாக்டர், புவா!" என்று கத்தினேன், பழம் என்று. மூடியைத் திறந்து காட்டினேன். மோந்து பார்த்தார். தன் அப்பாவும் ஏதோ இலைக் கஷாயம் குடிப்பார் என்றார். "எங்களிடம் சொல்லிவிட்டுக் குடித்திருக்கலாம், மாத்திரையை நிறுத்தாமல் இருந்திருக்கலாம்" என்றார். விரலை எடுத்துவிட்டார்கள்.

ஊருக்குப் போன் செய்தேன். மல்லிகா ஓவென்று அழுதாள். அழுகையினூடே சொன்னாள்: "வேளாவேளைக்குப் பொடியக் குடிச்சிருந்தா விரல் போயிருக்காதே அண்ணி. அடுத்த வாரம் ஒருத்தர் வர்றாரு, அரைக் கிலோ குடுத்துவிடுறேன்."

அடிப்பாவி! ஊரில் இருக்கும் அன்பர்களே, உங்கள் பாசம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இந்த நாட்டுச் சம்பளத்தை வாங்குகிற மனுஷன் இந்த நாட்டு டாக்டரை நம்பாமல் போனதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. அந்தக் காலைக் கழுவித் துடைப்பது நான்தான்.

போனை வைப்பதற்குள் நர்ஸ் வந்து நின்றாள். எடுத்த விரலை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைக்கிறீர்களா என்று கேட்டாள். இங்கே அப்படிக் கேட்பது வழக்கம்.

எந்த வீட்டுக்கு? கிள்ளானில் எங்களுக்கு இருப்பது வாடகை ஃப்ளாட்டின் மூன்றாம் மாடி. மண் என்று சொன்னால் கறிவேப்பிலைத் தொட்டியில் இருக்கிறதுதான். பெரம்பலூரில் இடம் கிடக்கிறது, அந்த நாவல் மரத்தடியிலேயே. பொடி கொண்டுவருகிறவர் திரும்பிப் போகும்போது கொடுத்தனுப்பட்டுமா, மல்லிகா?