கட்டிய கையை அவிழ்த்த கற்பூரம்

என் அம்மாவின் கைகளைப் பழந்துணியால் சேர்த்துக் கட்டினோம். பிறவியிலேயே காது கேளாதவளுக்குக் கைதான் வாய். கையைக் கட்டுவதும் வாயில் துணி அடைப்பதும் ஒன்றே. அன்று வந்த கோபம் இதை எழுதும்போதும் தணியவில்லை. மாரியை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

தங்கச் சுரங்கம் சர்க்கார் கைக்கு மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டல் குடியிருப்பில் எங்கள் வீடு. அம்மாவுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை மறந்தாள். பிறகு என் முகத்தை. கடைசியில் அப்பா செத்துப்போனதையே மறந்தாள்.

அப்பா சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்தவர். அடியில் பாறை வெடித்தால் எங்கள் வீட்டுத் தரை நடுங்கும். ஊருக்குக் காது சொல்லுமுன் அம்மாவுக்குப் பாதம் சொல்லிவிடும். இப்போது தரை அதிர்ந்தால் போதும், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டு வாசலுக்கு ஓடுவாள், அப்பாவைத் தேடி.

"இன்னாப்பா, உங்கம்மா இன்னைக்கும் ஷிப்டுக்குக் கிளம்பிடுச்சா?" என்று குழாயடியில் சிரிப்பார்கள்.

டாக்டரிடம் காட்டினோம். அவர் அம்மாவின் காதருகே குனிந்து கத்தினார். "உன் பேர் இன்னாம்மா?"

"பிறவியிலேயே காது கேக்காதுங்க" என்றேன்.

மறுபடியும் கத்தினார். பதில் இல்லாததால் பைத்தியம் என்றார். அம்மா பதறி விரல்களால் ஏதோ சொன்னாள். "பாரு, கைய ஆட்டுது. கட்டி வைங்க."

கட்டினோம். அண்ணன் முடிவே செய்துவிட்டான். "வெள்ளிக்கிழமை பங்காருபேட்டையில ரயில் மாறி, பெங்களூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரில வுட்டுட்டு வந்துடலாம்டா. எத்தினி நாளு பின்னாலயே ஓடறது?"

அந்த வெள்ளிக்கிழமை காலை அம்மாவை மாரி கோயிலுக்கு இழுத்துப் போனேன். வேண்டவில்லை, வைதேன். "இவளுக்குப் பேச்சைக் கொடுக்கவில்லை. புருஷனைப் பூமிக்குள் இழுத்தாய். நினைவையும் உருவிக்கொண்டாய். மிச்சம் இருப்பது இரண்டு கை. அதையும் கட்டவிட்டு வேடிக்கை பார்க்கிறாயே, நீயும் ஒரு தாயா?"

பூசாரி காதில் வாங்கினாரோ என்னவோ, வழக்கம்போல் கற்பூரத் தட்டை அம்மா முகத்துக்கு நேரே நீட்டினார். கவிழ்ந்திருந்த தலை நிமிர்ந்தது. சுடரை ஒற்றிக்கொள்ளக் கட்டிய கைகளைத் தூக்கினாள். முடியவில்லை. நான் முடிச்சை அவிழ்த்தேன். ஒற்றிக்கொண்டவள் என் பக்கம் திரும்பி, ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனாள்.

சாப்பிட்டாயா?

பல மாதம் கழித்து அம்மா என்னோடு பேசினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவைக் கூப்பிட வீட்டில் எல்லோரும் தரையில் காலால் தட்டுவோம். எங்கள் சிறு வயது முதல் அதுதான் பழக்கம். மறதி வந்து அவள் திரும்பாதபோது இன்னும் ஓங்கித் தட்டினோம். ஒவ்வொரு தட்டும் அவளுக்குப் பாறை வெடிப்பு. ஒவ்வொரு தட்டிலும் அப்பா பூமிக்குள் சிக்கிக்கொண்டார். கோயிலில் யாரும் தட்டவில்லை; சுடர்தான் அவளைக் கூப்பிட்டது.

வீட்டில் அண்ணன் டிரங்குப் பெட்டியோடு நின்றான். கிளம்பச் சொல்லித் தரையில் காலைத் தட்டினான். அம்மா வாசலுக்குப் பாய்ந்தாள். மாடத்தில் எரிந்த விளக்கை எடுத்து அவள் முன்னால் போய்ப் பிடித்தேன். நின்றாள். சுடரைப் பார்த்தாள். மெல்லத் திரும்பி, அண்ணனிடம் ஐந்து விரலைக் குவித்தாள்.

"இன்னாடா, சோறு கேக்குதா?"

"நீ சாப்டியான்னு கேக்குது."

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தான். அது பிறகு ரயில் ஏறவே இல்லை.

நினைவு திரும்பவில்லை. அதற்கும் மாரியிடம் சண்டை போட்டேன், தரவில்லை. நிஜமாகவே பூமி அதிர்ந்த நாட்களில் அம்மா ஓடத்தான் செய்தாள். நான் விளக்கோடு முந்தி ஓடினேன். ஆனால் அந்தக் கைகளை அதன்பின் யாரும் கட்டவில்லை. கடைசி நாளில் அவை என் உள்ளங்கைக்குள் எதையோ சொல்லியபடியே ஓய்ந்தன.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு உயிர் இருந்தால், முதலில் கைக்கட்டை அவிழ்த்துவிடுங்கள். பிறகு மாரித் தாயிடம் போங்கள். பணிந்து கேட்க மனம் வராவிட்டால் வைதாவது கேளுங்கள். என் கோபத்துக்குப் பயந்து அவள் கதவைச் சாத்தவில்லை. கற்பூரத்தைத்தான் காட்டினாள்.