வஞ்சிரா வீட்ல இல்லீங்க

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

இந்தப் பத்தியை எழுதியதற்காக இல்லை. மீனாக இருந்ததற்காக!

பதற வேண்டாம்... முதலிலிருந்தே சொல்கிறேன்.

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மாடியில் ஜெனிபர் என்று ஒரு பெண் குடியிருக்கிறாள். சொந்த ஊர் மங்கலம்பேட்டை. செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் லேப் வேலை. "வரேம்மா", "வந்துட்டேம்மா" — காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதற்கு மேல் வாய் திறக்க மாட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனதே அதனால்தான். நானும் அந்த ஜாதிதானே?

ஒரு விடுமுறை நாளில் துணி காயப்போட மாடிக்குப் போனேன். அவள் அறைக்குள் ஒரே கூச்சல்.

"டேய் மச்சான், புதருக்குள்ள இன்னாடா பண்ற... குடும்பம் நடத்துறியா? ஒளிஞ்சது போதும், வெளிய வா ராசா!"

யாரோ ஆம்பளைப் பையன் வந்திருக்கிறான் என்று நினைத்து எட்டிப் பார்த்தால், உள்ளே ஜெனிபர் மட்டும்தான். எதிரே ஒரு லேப்டாப். பக்கத்தில் ஸ்டாண்டில் நிற்கிற போன். லேப்டாப்பில் ஒரு பொம்மைப் பெண் — நீல முடி, காது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துடுப்பு. ஜெனிபர் தலையை ஆட்டினால் அதுவும் ஆட்டுகிறது. இவள் கண் சிமிட்டினால் அதுவும் சிமிட்டுகிறது. இவள் பேசினால் அதற்கு வாய் அசைகிறது.

அதன் பெயர் வஞ்சிரா. வஞ்சிர மீன் பெண்ணாகப் பிறந்தால் எப்படி இருக்குமோ, அப்படியாம்!

பிள்ளைகள் போனில் அணி அணியாகப் பிரிந்து சுட்டுக்கொள்ளும் கேம் இருக்கிறதல்லவா? அதற்கு ஊர் ஊராகப் போட்டி வைக்கிறார்கள். கிரிக்கெட்டுக்கு ஒருத்தர் வர்ணனை சொல்வது மாதிரி, இதற்கு வஞ்சிரா லைவில் வந்து பேசுகிறாள். ஏகப்பட்ட பேர் பார்க்கிறார்கள். அவளுக்குப் பின்னால் இருப்பது ஜெனிபர் என்று யாருக்கும் தெரியாது. (உங்களுக்கும் தெரியாது. பெயரை மாற்றியிருக்கிறேன். மீனையும் மாற்றியிருக்கிறேன். அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

"அது சரி பாப்பா, அந்த 'ஒளிஞ்சது போதும்'... எங்கயோ கேட்ட மாதிரி இருக்குதே?"

ஜெனிபர் நெளிந்தாள். "உங்க கிட்ட இருந்து சுட்டதுதாம்மா. கட்டிலுக்கடியில பூனைய கூப்புடுவீங்கள்ல... மாடிப்படில கேட்டுக் கேட்டு மனசுல ஒட்டிக்கிச்சு. கோவமா?"

கோபமா! என் பேச்சைப் பூனையைத் தவிர யார் கேட்டார்கள்? பூனையும் கேட்டதாகச் சொல்ல முடியாது. ஒரு நாளும் அது வெளியே வந்ததில்லை.

அன்றைக்கு ஆசைக்கு என்னையும் அந்தப் போன் முன்னால் உட்கார வைத்தாள். வஞ்சிரா மெல்லத் தலை குனிந்தாள். அப்படியே உறைந்துபோனாள்.

"நிமிருங்கம்மா! மூஞ்சி தெரிஞ்சாத்தான் அது ஆடும்."

நிமிர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி குனிந்தேன். மறுபடி "நிமிருங்கம்மா." குனிந்த தலை நிமிராதவள் என்று என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் மெச்சினார்கள். எழுபது வயதில் ஒரு போன் என்னிடம் குறை கண்டுபிடிக்கிறது!

இப்போது சிதம்பரத்துக்கு வருவோம். கடலூர் அணிக்கும் சிதம்பரம் அணிக்கும் பைனல். கல்யாண மண்டபம் பிடித்து, பெரிய திரை கட்டி, ஏற்பாடு. வீட்டிலிருந்து பேசினால் திரையில் பேச்சு பின்தங்கி வருமாம். அதனால் வஞ்சிரா நேரில் வந்தாக வேண்டும்.

"மேடைக்கு வாங்க, மூஞ்சியக் காட்டுங்கன்னு ஒரே தொல்லைம்மா. முடியாதுன்னு சொல்லிட்டேன். மணமகள் ரூம்ல உக்காந்து பேச சம்மதிச்சாங்க. ஆனா பயமா இருக்குது... தொணைக்கு வரீங்களா?"

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். செம்மங்குப்பம் நெருங்கியதும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள் — கம்பெனி ஆட்கள் யாராவது ஏறிவிட்டால்? நான் சும்மா இருக்காமல் கேட்டேன்.

"ஏன் பாப்பா, வேற மூஞ்சிய வெச்சிக்கிட்டு பேசுறது ஏமாத்து வேல மாதிரி இல்லியா?"

"என் மூஞ்சி தெரிஞ்சா மூஞ்சியப் பத்தித்தாம்மா பேசுவாங்க. கறுப்பு, செவப்பு, பல்லு, மூக்கு... இப்ப நான் பேசுறதப் பத்திப் பேசுறாங்க. என் மூஞ்சி வெளிய வந்துச்சுன்னா, வஞ்சிராவ அன்னிக்கே நிறுத்திடுவேன்."

நழுவிய துப்பட்டாவை நானே இழுத்து மூடிவிட்டேன்.

மண்டபத்தில் பின்வாசல் வழியாக நுழைந்தோம். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சமையலுக்கு வந்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள். மணமகள் அறையில் ஒயர் எல்லாம் தயாராக இருந்தது. ஒன்று மட்டும் சரியில்லை — தாழ்ப்பாள் விழவில்லை. நான் ஒரு நாற்காலியைப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன்.

முதல் ஆட்டம் முடிந்தது. வெளியே விசிலும் கைத்தட்டலும். இடைவேளை. ஜெனிபர் காதில் ஹெட்போனோடு தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். அப்போது கதவு தட்டப்பட்டது.

"வஞ்சிரா மேடம் இருக்காங்களா? நான் பிரகாஷ்... போட்டி நடத்துறவன்."

எனக்கு என்ன ஆயிற்றோ... பழக்க தோஷம்!

"அவுங்க வீட்ல இல்லீங்களே. வெளிய போயிருக்காங்க. யார் வந்ததுன்னு சொல்லட்டும்?"

எங்கள் வீட்டுக்காரருக்கு மீன் மண்டி வியாபாரம். அவரைத் தேடி ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். நாற்பது வருஷம் கதவுக்குப் பின்னால் நின்று நான் சொன்னது இந்த ஒரே வசனம்தான். அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டே "இல்லன்னு சொல்லு" என்று கை ஆட்டியபோதும் சொன்னேன். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போதும் யாராவது தட்டினால் அதுவேதான் வாயில் வரும். சொல்லி முடித்ததும், அவர் நிஜமாகவே வெளியே போயிருக்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் அன்றைக்கு மைக் அணைக்கப்படவில்லை!

மண்டபத்தின் பெரிய திரையில் என்ன நடந்திருக்கும்? வஞ்சிரா அண்ணாந்து பார்க்கிறாள். மைக்கில் விழுகிற குரலுக்கு வாய் மட்டும் அசைகிறது. ஒரு கிழவியின் குரலில், தானே வீட்டில் இல்லை என்று சொல்கிறாள்.

மண்டபமே வெடித்தது.

"டேய்... வஞ்சிரா ஆயாடா!"

"அப்போ அந்தப் பொண்ணு வாய்ஸ்?"

"அது ஆப்புடா மச்சான்! கொரல மாத்துற ஆப்பு!"

விசில், சிரிப்பு, காலடிச் சத்தம். கதவுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. தாளம் போட்டுக் கத்துகிறார்கள். என்னவென்று?

"ஒளிஞ்சது போதும், வெளிய வா! ஒளிஞ்சது போதும், வெளிய வா!"

என் பூனையின் கஷ்டம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"ஒரே நிமிஷம் ஆயா! பொன்னாடை போட்டு அனுப்பிடுறோம்!" பிரகாஷ் கெஞ்சினார். பின்னாலிருந்து யாரோ தள்ள, கதவு என் முதுகில் அசைந்தது. ஜெனிபர் மைக்கை அணைத்தாள்.

"அம்மா... தொறந்துடாதீங்கம்மா."

இதே மாதிரி ஓர் அறையில் நானும் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்தேன். "பொண்ண அழைச்சிட்டு வாங்க" என்று வெளியே குரல் கேட்டது. வருகிறாயா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எழுந்து போனேன்.

இப்போதும் எழுந்தேன்.

"நீ உள்ளயே இரு. நான் போறேன்."

"நீங்களா? வாசகர் கூட்டத்துக்குக்கூட மூட்டு வலின்னு சொல்லிப் போகாதவங்களாச்சே!"

"வலி இருக்கத்தான் செய்யுது. நீ கதவப் புடிச்சிக்க."

என் உடம்பு நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து வெளியே வந்தேன். பையன்கள் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டார்கள். மேடையில் பிரகாஷ் பொன்னாடை போர்த்தி, கையில் மைக் கொடுத்தார். தலை தானாகக் குனிந்தது.

முதல் ஆட்டத்தில் புதருக்குள்ளேயே செத்துப்போன சிதம்பரத்துப் பையன் முன்னால் வந்தான். "ஆயா, அந்த டயலாக்க ஒரே ஒரு தடவ சொல்லுங்க ஆயா. உங்க வாயால திட்டு வாங்கணும்!"

மூஞ்சி தெரிந்தால்தான் ஆடும் என்று சொன்னாளே... நிமிர்ந்தேன். அத்தனை பேரையும் ஒரு பெரிய கட்டிலாக நினைத்துக்கொண்டேன். அடியில் என் பூனை.

"ஒளிஞ்சது போதும்... வெளிய வா ராசா."

கூரை பறந்திருக்கும்!

"ஒரிஜினல்டா மச்சான்! ஆப்புல இந்த இழுப்பு வரல பாத்தியா?"

ஒரிஜினல்தானே? அதில் என்ன பொய்? 'நீங்கதான் வஞ்சிராவா' என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "இனிமே உங்க கொரல்லயே பேசுங்க ஆயா" என்று பிரகாஷ் கேட்டதற்கு, "தொண்ட தாங்காது தம்பி" என்றேன். அது ஒன்றுதான் பொய். அன்றைக்கு விட்டிருந்தால் சாயங்காலம் வரைக்கும் பேசியிருப்பேன்.

நான் அறைக்குத் திரும்பிக் கதவில் சாய்ந்துகொண்டதும், மீதி ஆட்டங்களுக்கு ஜெனிபர் பேசினாள். பயம் விட்டுப்போன பேச்சு... கேட்கவா வேண்டும்? கோப்பை சிதம்பரத்துக்குப் போனது. வஞ்சிரா எங்களோடு பத்திரமாகப் பின்வாசல் வழியாகக் கடலூர் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் பொன்னாடையை அவள் மடியில் வைத்தேன். "உனக்கு வந்தது பாப்பா, புடி."

"எனக்கா? உங்க டயலாக்கு, உங்க கொரலு, உங்க மூஞ்சி... என்னுது அதுல இன்னா இருக்குது?"

அது சரி, இந்த மண்டபத்து விஷயத்தை நான் எழுதிவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடாதா என்று கேட்டேன். "அந்தப் பசங்க யாரும் வாரப் பத்திரிகை படிக்கிற ஆளுங்க இல்லம்மா, தைரியமா எழுதுங்க" என்றாள். ஆறுதலா, அடியா... தெரியவில்லை.

பிறகு பையிலிருந்து இந்தப் பத்திரிகையை எடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் வாங்கியிருக்கிறாள். என் பக்கத்தைப் பிரித்து, தலைப்புக்கு மேலே இருந்த படத்தில் விரலை வைத்தாள்.

"காலைல ஏமாத்து வேலன்னு கேட்டீங்களே... இது யாரும்மா?"

பத்தி ஆரம்பித்தபோது ஆசிரியர் போட்டோ கேட்டார். கூச்சத்தில் நான் அனுப்பவில்லை. ஓவியரே ஒரு பெண்ணை வரைந்துவிட்டார். கண்ணாடி, கனத்த கொண்டை, நிமிர்ந்த கழுத்து. எனக்குக் கண்ணாடி கிடையாது. கொண்டை போடுகிற அளவுக்கு முடியும் கிடையாது. கழுத்தைப் பற்றித்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே! ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குக் கதவுக்குப் பின்னால் வராத பேச்செல்லாம், அவள் தலைக்குக் கீழே எழுத உட்கார்ந்தால்தான் வருகிறது. நீங்களும் இத்தனை காலமாக அவளுக்குத்தான் கடிதம் போடுகிறீர்கள்...

ஓவியர் ஐயா, ஒரு சின்ன வேண்டுகோள். காதோரம் இரண்டு துடுப்பு மட்டும் சேர்த்துவிடுங்கள்!