நின்ன இடத்திலேயே பேட்டரி தின்ற காடி

காடிக்கு, அதாங்க காருக்கு, வயர் வேலை பார்க்கிறவனுக்கு ஓடுற காடியால தொல்லையே இல்லை. சும்மா நிக்கிற காடிதான் உயிரை வாங்கும். அவசரமாகக் கிளம்பும்போது பட்டனை அமுக்கி, வெறும் 'டிக் டிக்' சத்தத்தை மட்டும் கேட்டு நொந்தவர்களே, வாங்க, நாமெல்லாம் ஒரே சாதி.

புது பேட்டரி

லகாட்டிலிருந்து பார்வதி அக்கா கூப்பிட்டார். வாரம் மூன்று காலை கணவர் மாணிக்கம் அண்ணனை பத்து காஜா ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு ஓட்டிக்கொண்டு போவது அவர்தான். ஒரு தடவை தவறினால் அண்ணனுக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கும். காடி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பேட்டரி செத்துக் கிடந்தது. நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி புதுசு மாட்டிவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள் காலை மறுபடி போன். பேட்டரி மறுபடி செத்து, பக்கத்து வீட்டுச் சீனர் காடியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம். அக்கா திட்டவில்லை. "பேட்டரிய மாத்திட்டீங்க, சரி. வியாதி அப்படியே இருக்கே தம்பி!"

பட்டறையில் நல்ல பிள்ளை

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் காடியை ஈப்போவில் என் பட்டறைக்கே கொண்டு வந்தேன். பூட்டி நிறுத்திய காடி கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட வேண்டும். எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு காட்டுற மீட்டரில் எண் இறங்கும். இறங்காவிட்டால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கணும். எதைப் பிடுங்கும்போது இறங்குதோ, அங்கேதான் திருடன். இந்தக் காடியோ சமர்த்தாகத் தூங்கியது. திங்கட்கிழமை வரை ஒரு குறையும் இல்லை. திருப்பிக் கொடுத்தேன், வியாழக்கிழமை படுத்துவிட்டது. அவர்கள் வீட்டுக்கு ஓடி, வந்த கோபத்துக்கு டயரை ஒரு உதை விட்டேன். என் கால் விரல்தான் வீங்கியது. வாசலில் நின்ற அண்ணன் சொன்னார்: "எங்க வீடுதான் அதுக்குப் பிடிக்கல போல. பேசாம நீங்களே வச்சு வளத்துக்குங்க லா."

வெள்ளிக்கிழமை

மறுநாள் அவர்கள் வீட்டுப் போர்ச்சிலேயே மீட்டரை மாட்டி உட்கார்ந்தேன். விடிந்தால் டயாலிசிஸ்; கண்டுபிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று எனக்கு வீம்பு. எண் இறங்கவே இல்லை. பாதி ஃபியூஸைப் பிடுங்கியாச்சு. அப்புறம் ஒரு நேரத்தில், நான் கையே வைக்காமல், தானாக இறங்கியது!

உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்கா சாமி மேடையைத் துடைப்பதற்காக, அதிலிருந்ததை எல்லாம் தட்டில் அள்ளி அடுப்படிக்குக் கொண்டு போயிருந்தார். விளக்கு, குங்குமச் சிமிழ், கூடவே காடிச் சாவி. வாங்கிய நாளிலிருந்து சாவி முருகன் காலடியில்தானாம். சுவருக்கு அந்தப் பக்கம் முருகன், இந்தப் பக்கம் காடி. சாவியைச் சொருகாமல் பட்டனிலேயே கிளம்பும் இந்த மாதிரிக் காடி, சாவி பக்கத்திலேயே இருந்தால் முதலாளி வந்துவிட்டார் என்று முழித்துக்கொண்டே இருக்கும். என் பட்டறையில் சாவி தூரமாக இருந்ததால் தூங்கியிருக்கிறது. சாவியை மேடையில் வைத்தேன், எண் ஏறியது. அடுப்படிக்குக் கொண்டு போனேன், இறங்கியது. ஐயோ, எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது! அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிவிட்டு, சாவியை அரிசி டின் பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை போன் அடித்தது. பயந்துகொண்டே எடுத்தேன். ஓடுகிற காடியின் சத்தம், அதற்கு நடுவே அண்ணன் குரல்: "சாமிகிட்ட போற வரிசையில நான்தான் முன்னால நிக்கிறேன்னு நெனச்சேன் தம்பி. இந்தக் காடி எனக்கு முந்தி மூணு தரம் போய்ட்டு வந்துருச்சு லா!"

இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும் பானட்டைத் திறப்பதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சாமி மேடைக்குத்தான் போகிறேன், எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.