எஸ்தரைப் பார்க்க வந்த சுப்பம்மா

கரி பஸ்ஸின் புகை வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது...

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸின் பின்னால் பெரிய டிரம் ஒன்றில் கரி எரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி ராஜபாளையத்தில் இறங்குவதற்குள் அம்மாவின் வெள்ளைச் சேலை சாம்பல் நிறமாகிவிடும்.

அந்த பஸ்ஸில்தான் சுப்பம்மாவை முதன்முதலாகப் பார்த்தோம். அம்மா, நான், என் தங்கை எஸ்தர்.

எஸ்தருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. வசம்பை உரைத்து நாக்கில் தடவிப் பார்த்தார்கள். சபையில் தலைமேல் கை வைத்து ஜெபித்தார்கள். "நீ என்ன பாவம் செஞ்ச, ஞானம்?" என்று சொந்தக்காரி ஒருத்தி அம்மாவின் முகத்துக்கு நேராகவே கேட்டாள். அன்றைக்கு ராஜபாளையத்து வைத்தியரிடம் காதுக்கு எண்ணெய் விடப் போய்க்கொண்டிருந்தோம்.

வழியில் எஸ்தர் அழ ஆரம்பித்தாள். அவள் அழுகை மற்ற பிள்ளைகளின் அழுகை மாதிரி இருக்காது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எஸ்தரின் தோளைத் தொட்டாள். அவள் நிமிர்ந்து பார்த்ததும் புகையைக் காட்டி, தன் கண்ணைக் கசக்கி, "எரியுதா?" என்பதுபோல முகத்தைச் சுளித்தாள். எஸ்தர் அழுகையை நிறுத்தித் தலையாட்டினாள். முந்தானையை நனைத்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, தன் பக்கம் உட்காரவைத்துக்கொண்டாள் அந்த அம்மாள்.

அவள்தான் சுப்பம்மா. ராஜபாளையத்துக்காரி. வீட்டில் பேசுவது தெலுங்கு. எங்கே போகிறோம் என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"எம் மகனும் இப்டித்தாம்மா. எண்ணெய் மட்டும் ஊத்தாதீக. ஊத்தி ஊத்திச் சீழ் வச்சதுதான் மிச்சம். இப்ப அவன் மில்லுல வேலை பாக்கான். அந்த மெஷின் சத்தத்துக்குள்ள யார் பேசுனாலும் யாருக்கும் கேக்காது. எல்லாரும் கையாலதான் பேசுதாக. அவனுக்கு என்ன கொறச்சல்?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு நாங்கள் வைத்தியர் வீட்டுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு சுப்பம்மா அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா போலீஸில் ஏட்டு. அவர் டூட்டிக்குப் போன பிறகுதான் வருவாள். "பின்னால நின்னு கூப்பிடாத ஞானம். தொட்டுக் கூப்பிடு. வெளிச்சத்துல நில்லு, ஒம் மொகம் அவளுக்குத் தெரியட்டும்" என்பாள். சோறு, பால், மழை, வலி... ஒவ்வொன்றுக்கும் கையால் ஒரு அடையாளம். அப்பாவுக்கு அடையாளம் மீசையை முறுக்குவது. எஸ்தர் அதைச் செய்யும்போதெல்லாம் அம்மா வாய்விட்டுச் சிரிப்பாள். அப்படி அவள் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

காது கேளாத பிள்ளைகளுக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடம் இருப்பதையும் சுப்பம்மாதான் சொன்னாள். அம்மா பயந்து பயந்து அப்பாவிடம் கேட்டாள்.

"பொம்பளப் பிள்ளைய ஊமைன்னு ஊருக்கே தெரிய அனுப்பச் சொல்லுதியா?" என்றார் அப்பா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்பாவின் தங்கை கிரேஸ் அத்தையைப் பெண் பார்க்க வத்திராயிருப்பிலிருந்து வந்தார்கள். குடும்பத்தில் ஊமைப் பிள்ளை இருப்பது தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று, எஸ்தரை அப்பா பின்கட்டு அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். ஏன் அடைக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை.

காப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது எப்படியோ கொண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். எல்லார் முன்னாலும் அம்மாவுக்கு எதிரே நின்றாள். மீசையை முறுக்கிக் காட்டினாள். இரண்டு கையையும் கதவுபோல் சேர்த்து அடைத்தாள். தன் நெஞ்சைத் தொட்டாள்.

அப்பா என்னை அடைத்துவைத்தார்.

எஸ்தர் சேர்த்துச் சொன்ன முதல் வாக்கியம் அது. ஒரு கணம் அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உடனே அவள் தலை குனிந்துகொண்டாள்.

"இது யாரு பிள்ளை?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.  வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அடுத்த தடவை சுப்பம்மா வந்தபோது அப்பா வாசலில் நின்றார். "இனிமே இங்க வராதீக. நீங்க பழக்கிவிட்ட பழக்கத்துல என் தங்கச்சிக்கு வந்த சம்பந்தம் போச்சு."

சுப்பம்மா அவரைப் பார்க்கவில்லை. "ஞானம், நீ என்ன சொல்லுத?"

அம்மா அப்பாவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

சுப்பம்மா திரும்பிப் போனாள். எஸ்தர் வாசலுக்கு ஓடினாள். அம்மாதான் இழுத்து உள்ளே கொண்டுவந்தாள்.

அத்தைக்கு அடுத்த வருஷமே சாத்தூரில் இதைவிட நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. ஆனாலும் சுப்பம்மாவை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. வீட்டில் கையால் பேசக் கூடாது என்றும் அப்பா சொல்லிவிட்டார். அம்மா பிறகு சோறு, தண்ணீர், வா, போ என்பதற்கு மேல் எஸ்தரிடம் எதுவும் பேசவில்லை. எஸ்தரும் கேட்பதை விட்டுவிட்டாள். மாவாட்டினாள், துணி துவைத்தாள், வளர்ந்தாள்.

பல வருஷம் கழித்து அப்பா படுக்கையில் விழுந்தபோது அவரைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டதும் எஸ்தர்தான். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, அவகிட்ட... என்னைய மன்னிச்சிரச் சொல்லு."

நான் கையைத் தூக்கினேன். அதை எப்படிக் காட்டுவது? எங்கள் வீட்டில் அதற்கு ஒரு அடையாளமும் இல்லை. எஸ்தர் அப்பாவின் உதட்டையும் என் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவர் வாயில் ஊற்றினாள்.

அப்பா அதைக் குடித்தார்.

இப்போது நான் ராஜபாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல பேத்தி இதை டைப் செய்கிறாள். எதிர்வீட்டுத் தம்பதிக்குக் காது கேளாத ஒரு மகள். பிறந்த சில நாளிலேயே ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுத்துச் சொல்லிவிட்டார்களாம். தாய் தகப்பனுக்கே சைகை சொல்லிக்கொடுக்கிற கிளாஸ் இருக்கிறது. செல்போனில் அதே மாதிரி பிள்ளை வைத்திருக்கிற மற்றவர்களோடு பேசிக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் வாசலில் நிறுத்தி அனுப்புவதில்லை.

நேற்று அந்தத் தகப்பன் ஏதோ ஒரு சைகையைத் தப்பாகக் காட்டினான் போல. அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே அவன் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் திருத்திவைத்தது.

எஸ்தர் போய்ச் சேர்ந்து ரொம்ப காலம் ஆகிவிட்டது... சின்ன வயதில் அவள் அப்பாவின் கையைப் பிடித்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை.